மடிக்கணினித் திரைப் பழுதும் வரைகலைச் செயலிப் பழுதும்: உத்திரமேரூர் வட்டார ஆய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மடிக்கணினியின் திரை இருண்டாலோ அதில் கோடுகள் தோன்றினாலோ, பழுது திரைத்தகட்டிலா, இணைப்பு வடத்திலா, வரைகலைச் செயலியிலா என்பதைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழாய்வாளர் நன்கறிந்த பாட ஆய்வு நெறி இதற்குப் பொருந்துவதும், பழுதின் இடத்தை அறிவது ஆய்வுத் தரவுகளைக் காக்கத் துணைபுரிவதும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மடிக்கணினி, திரைத்தகடு, பின்னொளி, வரைகலைச் செயலி, பாட ஆய்வு, தரவுப் பாதுகாப்பு, உத்திரமேரூர்.

முன்னுரை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்ட அக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களைச் சென்றடைந்தன. ஊர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதல் நுழைந்த கணினி அதுவே. பள்ளியில் பெற்ற கணினியிலேயே ஆய்வேட்டை எழுதி முடித்தவர்களும் உளர்.

முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற உத்திரமேரூர் வட்டாரத்தில் களப்பணி செய்யும் ஆய்வாளரிடம் கல்வெட்டுப் படங்கள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், ஆய்வேட்டின் இயல்கள் ஆகிய யாவும் ஒரே மடிக்கணினியில் இருப்பது இயல்பு. ஒருநாள் திரை இருண்டுவிட்டால் அனைத்தும் போயிற்று என்ற அச்சம் எழுகிறது. திரை காட்டும் கருவி மட்டுமே. தரவு இருப்பது வன்தட்டில். திரைப் பழுதினால் தரவு அழிவதில்லை. பழுதைத் தவறாகக் கணித்து வன்தட்டை வடிவமைப்பதால், அதாவது கடைவழக்கில் ‘பார்மட்’ செய்வதால், அழிவதே மிகுதி.

காட்சி செல்லும் வழி

வரைகலைச் செயலி உருவாக்கும் காட்சி, தாய்ப்பலகையிலுள்ள இணைப்பியை அடைந்து, மெல்லிய வடம் வழியாகக் கீலைக் கடந்து திரைத்தகட்டைச் சேர்கிறது. திரைத்தகடு தானே ஒளிர்வதில்லை. அதன் பின்னொளியே படத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. ஏறத்தாழ 2010க்கு முந்தைய கணினிகள் பலவற்றில் பின்னொளிக்குக் குழல்விளக்கும் அதனை இயக்கும் உயர் மின்னழுத்தப் பலகையும் இருந்தன. பின்னர் எல்இடி விளக்குகள் வந்தன. வெளித்திரைக்கான எச்டிஎம்ஐ, விஜிஏ வாயில்களுக்குச் செல்லும் வழியோ கீலுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. பழுதறிதலுக்குப் பயன்படுவது இப்பிரிவே.

பாட ஆய்வு நெறியும் வெளித்திரைச் சோதனையும்

இரு சுவடிகளில் ஒரே பிழை காணப்படின் அது இரண்டிற்கும் பொதுவான மூலப்படியில் தோன்றியது என்றும், ஒன்றில் மட்டும் காணப்படின் அப்படியை எழுதியவரிடம் தோன்றியது என்றும் கொள்வது பாட ஆய்வின் அடிப்படை. மடிக்கணினியின் திரையும் வெளித்திரையும் ஒரு மூலத்தின் இரு படிகள் போன்றவை. கல்லூரி வகுப்பறையின் ஒளிவீழ்த்தியே இச்சோதனைக்குப் போதும். அதனை இணைத்து, விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்திக் காட்சியை இரண்டிலும் தோன்றச் செய்யலாம்.

கோடுகளும் வண்ணக் கட்டங்களும் இரண்டிலும் தோன்றினால் பழுது பொது மூலமாகிய வரைகலைச் செயலியிலோ அதன் நினைவகத்திலோ இயக்கி மென்பொருளிலோ உள்ளது. வெளித்திரை தெளிவாக இருப்பின் வடமோ திரைத்தகடோ பழுதுற்றிருக்கலாம். திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து வேறு கருவியில் திறந்து பார்ப்பது துணைச்சான்றாகும். கோடுகள் அப்படத்திலும் பதிந்திருப்பின் அவை செயலி நிலையிலேயே தோன்றியவை. பதியாதிருப்பின் திரைப்பக்கமே ஐயத்திற்குரியது. எனினும் இச்சான்று ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. இரு வரைகலைச் செயலிகள் உள்ள கணினிகளில் வெளிவாயில் வேறொரு செயலியோடு இணைந்திருக்கக்கூடும் என்பதையும் கருதவேண்டும்.

மென்பொருளா, வன்பொருளா என்பதைக் கணினி தொடங்கும் கணத்தில் தோன்றும் பயாஸ் திரை காட்டிவிடும். இயங்குதளம் ஏறுமுன்னரே கோடுகள் தெரிந்தால் இயக்கி மென்பொருளை மாற்றுவதில் பயனில்லை.

அறிகுறிகளும் அவை சுட்டும் இடங்களும்

1. மூடியை மெல்ல அசைக்கையில் காட்சி மறைந்து மீண்டும் வருதல்: கீலின் வழியே செல்லும் வடம் நைந்துள்ளது அல்லது இணைப்பி தளர்ந்துள்ளது.

2. திரை இருண்டிருப்பினும் கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்கையில் மங்கலான காட்சி தெரிதல்: பின்னொளியோ அதற்கான மின்வழங்கலோ பழுது.

3. அசைவினால் மாறாத ஒற்றைச் செங்குத்துக் கோடு, மைக்கறை போன்ற திட்டு: திரைத்தகட்டின் பழுது.

4. விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாமை: ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்தும்போது அதன் விளக்கு மாறி எரிந்தால் கணினி பெரும்பாலும் இயங்குகிறது, பழுது காட்சிப் பகுதியில் உள்ளது. மாறாவிடில் நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்து மீளப் பொருத்திப் பார்த்தல் முதற்பணி.

5. சூடேறிய பின்னரே காட்சி சிதைதல்: விசிறித் தூசியும் உலர்ந்த வெப்பப் பசையும் முதலில் நோக்கத்தக்கவை.

உறுப்புகளைத் தொடுமுன் மின்னூட்டியை நீக்கி, மின்கலத்தின் இணைப்பையும் எடுத்துவிடுதல் இன்றியமையாதது.

சில்லுப் பழுதும் சூடேற்றும் வழக்கமும்

வரைகலைச் செயலி பழுதெனில் அதனைச் சூடேற்றிச் சரிசெய்யும் வழக்கம் பழுதுநீக்கும் கடைகளில் உண்டு. இதன் எல்லையை ஒரு வரலாற்று நிகழ்வு உணர்த்துகிறது. என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதிவுப் பொருள்களில் நலிவு இருப்பதை ஏற்று, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்வதால் சில்லுக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பற்றவைப்புகள் விரிசலுற்றன. அத்தகைய விரிசல் சூட்டினால் தற்காலிகமாக ஒட்டலாம், நிலைப்பதில்லை. அடித்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள பற்றவைப்பை மட்டும் புதுப்பிக்கும் ‘ரீபாலிங்’ முறையும் உள்விரிசலைத் தீர்ப்பதில்லை. சூடேற்றியபின் கிடைக்கும் இடைவெளியைத் தரவுகளைப் படியெடுக்கவே பயன்படுத்த வேண்டும்.

2011இல் வெளிவந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல் வரைகலைப் பகுதி மையச் செயலியின் சில்லிலேயே அமைந்தது. தனிச் சில்லு இல்லாத இத்தகைய கணினிகளில் ‘கிராபிக்ஸ் சிப் போய்விட்டது’ என்ற கூற்றை உடனே ஏற்காமல், வெளித்திரைச் சோதனையைச் செய்து காட்டுமாறு கேட்பது பொருந்தும்.

தரவுப் பாதுகாப்பு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்திற்கோ செங்கல்பட்டிற்கோ பழுதுநீக்கச் செல்வோர் இரண்டை நினைவிற் கொள்ளவேண்டும். முதலாவது, திரைப் பழுதுக்கு வடிவமைத்தல் தேவையன்று. தேவை என்பாரிடம் காரணம் கேட்டல் வேண்டும். இரண்டாவது, தகவலாளிகள் நம்பிக்கையோடு அளித்த நேர்காணல்கள் வன்தட்டில் இருப்பின், வெளித்திரை வழியே படியெடுத்தபின் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை ஒப்படைப்பது ஆய்வறத்திற்கு உகந்தது. வன்தட்டைக் கழற்ற இயலாத அமைப்புள்ள அண்மைக் கணினிகளுக்கு முன்கூட்டிய படியெடுப்பே வழி. மறையாக்கம் செய்யப்பட்ட வட்டாயின் அதன் மீட்புக் குறியீட்டை வேறிடத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

முடிவுரை

வடமோ திரைத்தகடோ பழுதெனில் மாற்றிப் பொருத்துவது பெரும்பாலும் பயன்தரும். தாய்ப்பலகையிலுள்ள வரைகலைச் செயலி பழுதெனில், பழைய கணினிக்கு அச்செலவு தகுமா என்பது சிந்திக்கத்தக்கது. இவ்விரண்டையும் வேறுபடுத்த வெளித்திரை, கைவிளக்கு, பயாஸ் திரை ஆகிய மூன்றே பெரும்பாலும் போதுமானவை. துறைதோறும் பழைய வெளித்திரை ஒன்றை ஆய்வாளர் பயன்பாட்டிற்கென வைத்திருந்தால், ஆய்வேடு ஒப்படைக்கும் வேளையில் திரை பழுதுற்ற மாணவர் தம் பணியை இடையறாது தொடர இயலும்.