மண்ணுக்குள் மோதும் மருந்துகள்

கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி நடுமுன் நிலத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அடியில் மருந்து செலுத்துவார்கள். அது ஆவியாகி, மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றுவெளிகளில் ஊடுருவி, நூற்புழு, பூஞ்சை, களைவிதை எல்லாவற்றையும் கொல்லும். இதுதான் மண் புகையூட்டி. வேலை முடிந்ததும் அது சிதைந்தாக வேண்டும். தங்கிவிட்டால் நாற்று கருகும். முன்கூட்டியே சிதைந்தாலோ புழு பிழைத்துக்கொள்ளும்.

பல பத்தாண்டுகள் மெத்தில் புரோமைடு ஒன்றே எல்லா வேலையையும் பார்த்தது. ஓசோன் படலத்தை அரிப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகள் 2005இல் சில விலக்குகளோடு அதைக் கைவிட்டன. அந்த இடத்தை நிரப்ப ஒரு மருந்து போதவில்லை. நூற்புழுவுக்கு டைகுளோரோபுரோப்பீன், பூஞ்சைக்கு, முதல் உலகப் போரில் வீரர்களின் கண்ணைக் கலங்கடித்த குளோரோபிக்ரின், களையையும் அடக்க மெட்டாம் சோடியம். மூன்றையும் ஒன்றாகவே செலுத்திவிட்டால் என்ன?

மெட்டாம் சோடியம் நேரடியாகக் கொல்வதில்லை. ஈரமண்ணில் மெத்தில் ஐசோதயோசயனேட் என்ற ஆவியாக மாறியபிறகே கொல்கிறது. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அந்த நெடியும் இதே வேதிக் குடும்பம்தான். ஆனால் மாறுவதற்கு முன்பே டைகுளோரோபுரோப்பீனைச் சந்தித்தால், மெட்டாமின் கந்தக அணு அதிலுள்ள குளோரினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. குளோரோபிக்ரினிடமிருந்தும் குளோரினைப் பறித்துவிடுகிறது. புழுவைத் தொடுமுன்பே மருந்துகள் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டுகின்றன! அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் இதைச் சோதனையில் கண்டார்கள். அதனால் மெட்டாமோடு மற்றவையும் வேண்டுமென்றால் சில நாள் இடைவெளி விட்டுச் செலுத்துவதே சரி.

மெட்டாம் இல்லாமல் மற்ற இரண்டும் சேரும்போது நடப்பது நேர்மாறு. டைகுளோரோபுரோப்பீனில் இரு வடிவங்கள் உண்டு: அணுக்கள் அவையே, அமைந்த பக்கம்தான் வேறு. அவற்றில் டிரான்ஸ் எனப்படும் வடிவத்தை மண் நுண்ணுயிர்கள் விரும்பிச் சிதைக்கும். குளோரோபிக்ரின் அந்த நுண்ணுயிர்களையே ஒடுக்குவதால், டிரான்ஸ் வடிவம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் மண்ணில் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அடுத்த கட்டம். குளோரினைத் தள்ளும் அதே கந்தக வித்தை, அம்மோனியம் தயோசல்பேட் என்ற உரத்துக்கும் தெரியும். அதை மண்ணின் மேற்பரப்பில் மட்டும் தெளித்தால், ஆழத்தில் மருந்து தன் வேலையைச் செய்யும். மேலே கசியும் ஆவி, காற்றில் கலக்குமுன் உரத்திடம் சிக்கிச் சிதையும். இந்த வேதிவினைக்கு நுண்ணுயிர்கூடத் தேவையில்லை.