பிளிறும் எந்திரம்

இயந்திரமும் இயற்கையும் மோதுவதாகப் பாடும் கவிதையை ஆராய்பவர், அதில் வரும் மரத்தையும் ஆலையையும் எடைபோடுவதற்கு முன்பு, அவற்றுக்குக் கவிஞர் எந்தெந்த வினைச்சொற்களைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பது நல்லது. மோதல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தமிழில் இதற்கு மிகப் பழைய சான்று கரும்பாலை. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார், தேனூரில் கரும்பு பிழியும் எந்திரம் களிற்றின் குரலுக்கு எதிர்க்குரலாகப் பிளிறுவதாகச் சொல்கிறார். பிளிறுதல் யானைக்கே உரிய வினை. அது கருவிக்குக் கைமாறியதும் எந்திரமும் மருத நிலத்து உயிர்களுள் ஒன்றாகிவிடுகிறது. புறநானூற்றின் 322ஆம் பாட்டில் ஆவூர்கிழார் காட்டும் எந்திரம் முழங்கினால் அருகே வாளைமீன் பிறழ்கிறது; அது அஞ்சிப் பிறழ்ந்ததா, களித்துப் பிறழ்ந்ததா என்று புலவர் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதே அழகு.

பெரும்பாணாற்றுப்படையோ தொண்டை நாட்டுப் பாட்டு. பரிசில் பெற்ற பாணன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. அந்த வழியில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உறங்காத ஆரவாரமும் பாகு காய்ச்சும் புகையும் சூழ்ந்த ஆலைகளை வைக்கிறார். அங்கே புகை குற்றச்சாட்டாக வரவில்லை, கரும்புச் சாற்றை வேண்டிய மட்டும் பருகலாம் என்னும் அழைப்பாக வருகிறது. அதே தொண்டை நாட்டுத் திருமழிசையில், சிட்கோ தொழிற்பேட்டையைப் பற்றி இன்றொருவர் உறங்காத ஓசை என்றும் புகை என்றும் எழுதினால், எந்த வாசகரும் அதை வளத்தின் அடையாளமாகக் கொள்ளமாட்டார். அன்றைய எந்திரம் பக்கத்து வயலில் விளைந்ததைப் பிழிந்தது, சாறு வழிப்போக்கனுக்கும் கிடைத்தது. இன்றைய பட்டறைக்கும் பக்கத்து வயலுக்கும் அத்தகைய கொடுக்கல் வாங்கல் கிடையாது.

   

இயற்கை நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. மோதலைப் பாடும் இக்காலக் கவிதைகள் பல இந்த அணியிலேயே தேங்கிவிடுகின்றன: மரம் அழும், ஏரி விம்மும், இயந்திரம் விழுங்கும், அடுத்த வரியை வாசகரே சொல்லிவிடலாம். மொழியைக் கூர்ந்து கேட்பவருக்கோ பேச்சுவழக்கே போதிய பொருள் தருகிறது. களத்தில் வைக்கோலைக் குவித்தது போர். நிலத்தடி நீருக்காகத் துளையிடுவதும் ‘போர் போடுவது’, பிந்தியது ஆங்கிலத்திலிருந்து வந்தது. சண்டைக்கும் அதுவே பெயர். வைக்கோல் போர் இருந்த மனையில் வீட்டுக்காரர் போர் போட்டார் என்று எழுதினால் அழுகையோ வசையோ இல்லாமலே மூன்றாவது பொருள் தானாக எழுந்து நிற்கும்.

ஓரம்போகியாரின் எந்திரம் இன்று சாலையோரக் கரும்புச்சாற்று வண்டியாகச் சுருங்கியிருக்கிறது. இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து மடித்த கரும்பு இரண்டு உருளைகளுக்கு இடையே நெரியும்போது, சில வண்டிகளில் சக்கரத்தில் கட்டிய மணிகள் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்த ஒலியைக் கேட்டு யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை, வண்டியை ஓரங்கட்டுகிறார்கள்.