மச்சு பிச்சு ட்ரெக்: முதல்ல ஃப்ளைட் டிக்கெட் போடாதீங்க!

ஆஃபர் வந்துடுச்சுன்னு அவசரப்படாதீங்க. பெருவில் இன்கா ட்ரெயில் போகணும்னா முதலில் கைக்கு வர வேண்டியது பர்மிட்.

ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. கைடு, சுமை தூக்குபவர்கள், சமையல்காரர் எல்லாரும் அதில் அடக்கம். நமக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். லைசென்ஸ் உள்ள ஏஜென்சி மூலமாகத்தான் போக முடியும். சீசன் மாதங்களுக்கு ரொம்ப முன்னாடியே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதையே மூடல்.

பணம் மாட்டுற இடம் இதுதான். பர்மிட் உங்க பாஸ்போர்ட் எண்ணில் வரும். ரீஃபண்ட் இல்லை, தேதி மாற்ற முடியாது, நண்பர் பெயருக்கும் மாற்ற முடியாது. மேனேஜர் கடைசி நேரத்தில் கை விரிச்சா கட்டினது போச்சு. லீவு அப்ரூவல் மெயிலில் வந்த பிறகு கட்டுங்க.

அடுத்து இன்ஷூரன்ஸ். 4 நாள், சுமார் 43 கிலோமீட்டர் நடை. இரண்டாம் நாள் ஏறும் கணவாய் 4,200 மீட்டர் உயரம். பல டிராவல் பாலிசிகள் இந்த உயரத்துக்கு கவர் தராது. உயர வரம்பு எவ்வளவுன்னு பாலிசி பேப்பரில் தேடிப் பாருங்க.

ரொம்ப மலிவான பேக்கேஜா? சுமை தூக்குறவர் சம்பளத்தில்தான் பெரும்பாலும் கை வைப்பாங்க. கேட்டுட்டு புக் பண்ணுங்க.

மொத்தம் 3 லட்சம்னு வச்சுக்கிட்டா, 18 மாசத்துக்கு மாசம் சுமார் 16,700. இதுக்கு ஆர்.டி. போதும், ஷேர் மார்க்கெட் வேண்டாம். பர்மிட் கிடைக்கலையா? சல்கான்டாய் பாதைக்கு இந்தப் பர்மிட் தேவையில்லை; மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு மட்டும் தனியா வாங்கணும்.