இரக்கத்துக்கும் கணக்கு வேண்டும்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வங்க மண்ணுக்கு வந்தவர்கள் நாம். எனினும் நம் பெட்டி படுக்கையை நாமே கட்டிக்கொண்டு, கையில் பயணச்சீட்டுடன் வந்தோம். உடுத்த துணியோடு, அழும் குழந்தையை இடுப்பில் சுமந்து, ஒரே இரவில் வெளியேறியவர்களின் நிலை வேறு. அத்தகையோர் இங்கே பெருந்திரளாக வந்து சேர்ந்த 1971ஆம் ஆண்டைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கும் எனக்கு, அதில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவத்தின் கொடுமை தொடங்கிற்று. ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 99 லட்சம் பேர் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களுள் சுமார் 68 லட்சம் பேர் முகாம்களிலும், 31 லட்சம் பேர் உற்றார் உறவினர் இல்லங்களிலும் தங்கினர். முகாம்களின் எண்ணிக்கை 800ஐத் தாண்டியது. இன்று மாடி வீடுகளும் காரியாலயங்களும் நிறைந்து விளங்கும் கல்கத்தா சால்ட் லேக் பகுதியில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்தனர்.

இத்தனை பேருக்கும் உணவளிப்பது எங்ஙனம்? முகாமில் பதிவான குடும்பத்துக்கு ரேஷன் அட்டை வழங்கப்பட்டது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி, 100 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் பருப்பு, சிறிது எண்ணெய், சிறிது சர்க்கரை. குழந்தைகளுக்கு ஏறக்குறைய அதில் பாதி. இது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு லட்சம் பெரியவர்களுக்கு அரிசி மட்டுமே நாளொன்றுக்கு 30 டன் ஆகிறது. மறுநாளும் 30 டன். அதற்கு மறுநாளும் அவ்வாறே. கருணை மிகுந்த உள்ளங்கள் எத்தனை இருந்தாலும், தலைகளை எண்ணி எழுதுவோர் இல்லையேல் ஒரு முகாமில் அரிசி புழுத்துக் கிடக்கும். அடுத்த முகாமில் அடுப்பு எரியாது.

ஆகவே பொறுப்புகள் பகுக்கப்பட்டன. மத்திய அரசின் புனர்வாழ்வு அமைச்சகம் கல்கத்தாவில் ஒரு கிளை அலுவலகம் அமைத்தது. கர்னல் பி. என். லூத்ரா அதன் தலைமையை ஏற்றார். வெளிநாட்டு உதவிகளை ஒருமுகப்படுத்தும் பணி, அவ்வாண்டு ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. குழந்தைகளின் நலனை யூனிசெஃப்பும், மருத்துவ உதவியை உலக சுகாதார நிறுவனமும், உணவு உதவியை உலக உணவுத் திட்டமும் கவனித்தன. செஞ்சிலுவைச் சங்கம், ராமகிருஷ்ண மிஷன் போன்ற தொண்டு ஸ்தாபனங்களும் உழைத்தன.

மழைக்காலத்தில் காலரா பரவியது. எல்லையோரப் பன்காவ் மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலனபிஸ், குளுகோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகிய மூன்றையும் அளவிட்டுக் கலந்து, நீரில் கரைத்து வாய் வழியே கொடுக்கத் துணிந்தார். கல்கத்தாவில் ஓர் அறையில் அந்தப் பொடி நிறுக்கப்பட்டு, சிறு பைகளில் அடைக்கப்பட்டு, குறிப்புச் சீட்டுடன் பன்காவுக்கு அனுப்பப்பட்டது. தாய்மாரும் உறவினருமே நோயாளிகளுக்கு அதை ஊட்டினர். முன்னர் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. இந்த மாமனிதர் 2022இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் அனுப்புவித்த பைகளில் அரிய மருந்து ஒன்றுமில்லை. சரியான அளவும், மேலே ஒரு சீட்டும் இருந்தன. அவ்வளவே.

இந்தச் சீட்டின் அருமையை நான் உணர்ந்தது என் சொந்தப் பிழையால்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலுக்குப் பின், அன்பர்கள் சிலர் சேர்ந்து 14 மூட்டைத் துணிமணிகளை ஒரு நிவாரண முகாமுக்கு அனுப்பினோம். மூட்டை கட்டும் பொறுப்பு எனக்கு. அன்றாடம் பிறர் பொதிகளில் விவரம் இல்லையென்று திருப்பி அனுப்பும் நான், அன்று எல்லாவற்றின் மீதும் 'நிவாரணப் பொருள்' என்று மட்டும் எழுதினேன். முகாமில் பிறந்து நான்கு நாளான சிசுவுடன் ஒரு பெண் வந்து, குழந்தையைச் சுற்ற ஒரு துணி கேட்டாள். நம் வீட்டுப் பெண்மணிகள் துவைத்து மடித்துத் தந்த குழந்தைத் துணிகள் இருந்தன. எந்த மூட்டையில் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைப் பிரித்தோம், கம்பளிச் சட்டைகள். மற்றொன்றில் ஒற்றைச் செருப்புகளும், பாதி தீர்ந்த மருந்துப் புட்டிகளும். இருட்டும் வரை தேடினோம். அவளோ தன் முந்தானையைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். துணி மறுநாள் கிடைத்தது. அந்த ஓர் இரவை நான் யாரிடம் திருப்பிக் கேட்பது?

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பர் பெரியோர். பெறுபவரின் தகுதியை ஆராய்வதென்று இதற்குப் பொருள் கொள்வதுண்டு. அவருக்கு எது தேவை, எவ்வளவு தேவை என்று அறிவதே பொருளென்று நான் இப்போது கொள்கிறேன்.

ஆகவே அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். இனி நாம் உதவ முற்படும்போது, முதலில் முகாமின் பொறுப்பாளரைக் கேட்டறிவோம். அருகிலேயே வாங்கக்கூடிய பொருளாயின் பணமாக அனுப்புவோம். ஒரு மூட்டையில் ஒரே வகைப் பொருளை வைத்து, மேலே பெயரும் எண்ணிக்கையும் எழுதுவோம். அதன் நகலைச் சங்கத்தின் ஏட்டில் பதிவோம். அது போய்ச் சேர்ந்ததா என விசாரிக்க ஒருவரை நியமிப்போம்.

1972 தொடக்கத்தில், சுதந்திர வங்கதேசத்துக்கு அந்த அகதிகள் திரும்பினர். பிப்ரவரி முடிவதற்குள் சுமார் 90 லட்சம் பேர் ஊர் சேர்ந்துவிட்டனர். அவர்களை வழியனுப்பியபோதும், வழிக்கும் முதல் சில நாட்களுக்கும் வேண்டிய உணவைக் கணக்கிட்டே கொடுத்தனுப்பினார்கள். கணக்கேடு கல்நெஞ்சர்களின் கருவியன்று. கொடுத்த கையிலிருந்து வேண்டிய கைக்குப் பொருள் போய்ச் சேரும் பாதை அது.