பாட்டி குரலைப் பத்திரப்படுத்தலாமா?

என்ன குட்டிகளா, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் இருக்கின்றனவா? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா சொன்ன கதை, அத்தை கல்யாணத்து நாகஸ்வரம் என்று ஏதாவது ஒன்று அகப்படும். ஆனால் கேசட் நாடா நாளாக ஆகக் கெட்டுவிடும். பூஞ்சை பிடிக்கும். சில சமயம் டேப் ரெக்கார்டரே நாடாவைக் கடித்துக் குதறிவிடும்!

அந்தக் குரலை சி.டி.யில் ஏற்றி வைக்க ஒரு கருவி உண்டு. அதன் பெயர் சி.டி. ரெக்கார்டர். இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. டேப் ரெக்கார்டரோடு ஒயரால் இணைத்து, அதில் கேசட்டை ஓடவிட்டு, இதில் பதிவுப் பொத்தானை அழுத்தினால் போதும். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. யாராவது வைத்திருந்த பழைய கருவியைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் ஒரு சினிமாப் பாட்டு சி.டி.யைப் போட்டுக் காட்டுவார். அது அருமையாகப் பாடும். அதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஏன் தெரியுமா?

கடையில் வாங்கும் பாட்டு சி.டி.யில் நுண்ணிய பள்ளங்களைத் தொழிற்சாலையிலேயே அச்சுக் குத்தியிருப்பார்கள். நாம் பதியும் வெற்று சி.டி.யிலோ ஒரு சாயப்பூச்சு இருக்கும். லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டு அடையாளம் இடும். அந்த அடையாளங்கள் செல்லும் சுருள் பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள தூரம் 1.6 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும்! படிப்பதற்கு லேசரின் மெல்லிய ஒளி போதும். சுடுவதற்குப் பல மடங்கு வலிமை வேண்டும். வயதான கருவி நன்றாகப் படிக்கும், ஆனால் சுட முடியாமல் திணறும். அதனால் ஒரு வெற்று சி.டி.யைக் கையோடு கொண்டுபோய், ஐந்து நிமிடம் பதியச் சொல்லி, அதை வேறொரு பிளேயரில் போட்டுக் கேளுங்கள்.

வெற்று சி.டி.யிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டு ரெக்கார்டர்கள் பல, இசைப் பதிவுக்கென்று குறியிட்ட சி.டி.யை மட்டுமே ஏற்கும். கம்ப்யூட்டர் சி.டி.யைப் போட்டால் வெளியே துப்பிவிடும்.

ஒலி அளவைக் காட்டும் முள்ளோ விளக்கு வரிசையோ கருவியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சி.டி. ஒலியை 65,536 படிகளாகப் பிரித்து அளக்கிறது. கடைசிப் படிக்கு மேலே ஏற இடம் கிடையாது. அளவு மீறினால் பாட்டியின் குரல் கரகரவென்று உடைந்துபோகும். இன்னொரு கணக்கு: சி.டி.யில் 80 நிமிடம்தான் பதியலாம். 90 நிமிட கேசட் ஒரே சி.டி.யில் அடங்குமா? நீங்களே சொல்லுங்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியம், 'ஃபைனலைஸ்' என்ற பொத்தான். பதிவு முடிந்ததும் அதை அழுத்தினால், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பொருளடக்கத்தை சி.டி.யின் உள்விளிம்பில் கருவி எழுதி முடிக்கும். மற்ற பிளேயர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அது இல்லாவிட்டால் பாட்டு உள்ளே இருந்தாலும், பல பிளேயர்கள் வெற்று சி.டி. என்றே நினைத்துக்கொள்ளும்.

இதை நான் அறிந்துகொண்ட விதம் கொஞ்சம் வருத்தமானது. 2004-ல் நண்பர் ஒருவரின் ரெக்கார்டரை இரவல் வாங்கி, என் அம்மா பாடிய நடவுப் பாட்டுகளை சி.டி.யில் பதிந்தேன். அவர் கருவியிலேயே போட்டுக் கேட்டேன். பிரமாதம்! கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். கேசட்தான் இனித் தேவையில்லையே என்று, அதன்மேல் வானொலி நாடகம் ஒன்றைப் பதிந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் 'விடையைச் சரிபார்' என்று சொன்ன வாத்தியார் செய்த காரியம் இது!

ஒரு மாதம் கழித்து என் வீட்டு பிளேயரில் அந்த சி.டி.யைப் போட்டால், உள்ளே எதுவுமே இல்லை என்று காட்டியது. நான் ஃபைனலைஸ் செய்யவே இல்லை. நண்பரிடம் ஓடினேன். அவர் கருவி அதற்குள் பழுதாகி, பழைய சாமான்காரரிடம் போயிருந்தது. வேறு கருவி தேடிக் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. அதற்குள், வெயில் விழும் ஜன்னலோரம் கிடந்த அந்த சி.டி.யின் சாயம் வெளுத்துவிட்டது. ஒரு கருவியும் அதைப் படிக்கவில்லை.

கேசட்டை எடுத்து மறுபடி ஓடவிட்டேன். நாடகம் முடிந்தது. நாடகம் கேசட்டைவிடக் கொஞ்சம் சிறியது போலிருக்கிறது. 'கிளிக்' என்று ஒரு சத்தம். பிறகு அம்மாவின் குரல்! ஒரு பாட்டின் கடைசி அடி. அதன்பின் இருமிக்கொண்டே, "போதுமாடா?" என்று கேட்கிறாள். மொத்தம் நாற்பது விநாடி.

அதை மூன்று சி.டி.களில் பதிந்து, மூன்றையும் பக்கத்து வீட்டு பிளேயரிலும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் வைத்தேன். அந்தக் கேசட்டும் அவற்றோடுதான் இருக்கிறது.