எல்லாம் யோசனைதான் என்றார்கள்

2012ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்குத் தைத்த சட்டை, சித்திரை வருடப்பிறப்புக்குத் தோளிலிருந்து வழுவியது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். ஆனியில் மறுபடியும் பிடித்தேன். நான் தையல்காரி. ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் என் கொப்பியில் இருக்கும். என் அளவை மட்டும் எழுதி வைத்ததில்லை.

முதுகும் நொந்தது. நாரிக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில். பகலில் மெஷின் மிதிக்கும்போது தாங்கலாம். இரவில் திரும்பிப் படுத்தால் உயிர் போகும். பின்னேரங்களில் உடம்பு சுடும். விடியப்புறம் தலையணை வியர்வையில் நனைந்திருக்கும்.

ஊரில் எல்லோரிடமும் இதற்குப் பதில் இருந்தது. என் கணவர் 2009இல் காணாமற்போனவர். "அவனை யோசிச்சு யோசிச்சுத்தான் பிள்ளை உருகிறாய்" என்றார் மாமி. நோவுக்கும் விடை தயார்: என் இடது தொடையில் இன்றும் ஒரு செல் துண்டு இருக்கிறது. "அது நடக்குது" என்றார்கள். நான் போன வைத்தியசாலையிலும் கதையைக் கேட்டுவிட்டு, பனடோலும் நித்திரைக் குளிசையும் தந்து, "கனக்க யோசிக்காதேங்கோ அம்மா" என்று அனுப்பினார்கள். நானும் நம்பினேன். காணாமற்போனவரின் மனைவி மெலியாமல் இருந்தால்தானே ஊர் கதைக்கும்!

சட்டை தைக்கக் கொடுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் என்னை உற்றுப் பார்த்தார். மறுநாள் தாய்மார் கிளினிக்குக் கூப்பிட்டு நிறை பார்த்தார். 39 கிலோ. முந்திய வருடம் இரத்ததானம் செய்தபோது 51 இருந்தது. "யோசனை இருந்தா இருக்கட்டும். அதுக்காகச் சோதிக்காமல் விடேலாது" என்று கடிதம் எழுதித் தந்தார்.

எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டின் இரண்டு எலும்புகள் அரித்திருந்தன. எம்.ஆர்.ஐ. எடுக்கமுன் உடம்பில் இரும்பு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். செல் துண்டைச் சொன்னதும் அதை விட்டு சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம், துண்டை அசைத்துவிடலாம். உடம்பில் துண்டுள்ளவர்கள் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். பிறகு ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். சயரோகம்!

எனக்கு இருமலே இருந்ததில்லை. ஆனால் சயரோகக் கிருமி இரத்தத்தோடு போய் எலும்பிலும், கழுத்துக் கட்டியிலும், வயிற்றிலும், கருப்பைக் குழாயிலும் தங்கும். வருடக்கணக்காக உறங்கிக் கிடந்து, உடம்பு இளைத்த நேரம் எழும்பும். நெருக்கமான முகாம்களில் பசியோடு இருந்தவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை. மாமி என் தேத்தண்ணிக் கோப்பையைப் புறம்பாக வைத்தார். கோப்பையால் இது தொற்றாது. நுரையீரலில் உள்ள சயரோகம்தான் இருமும்போது காற்றால் பரவும். என் சளியில் கிருமி இருக்கவில்லை.

மருந்து இலவசம். எனக்கு ஒரு வருடம் தந்தார்கள். முதல் வாரம் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று பயந்து அழுதேன். குளிசையின் நிறம்தானாம். இரண்டு மாதத்தில் நோ குறைந்தது. அந்த நேரத்தில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கிருமி மருந்துக்கு அடங்காது.

வைத்தியசாலை வாங்கில் காத்திருந்த நாட்களில் மற்றவர்களின் கதைகளும் கேட்டேன். ஒருவர் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தார். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அது தைரொயிட். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தவருக்குச் சலரோகம். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்ட ஓர் அக்காவுக்குக் கைகால் மெலிய வயிறு மட்டும் பெருத்தது. அவரைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இன்னொருவருக்குச் சோதனைகள் எல்லாம் சரி, உண்மையிலேயே மனச்சோர்வு. அவரும் மனநல கிளினிக்கில் மருந்தெடுத்துத் தேறினார். அதுவும் வருத்தம்தானே.

நீங்கள் முயலாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு நிறை குறைந்தால், அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோ, போய்க் காட்டுங்கள். முதுகு நோவோடு கால் விறைத்தாலோ, சோர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அன்றைக்கே போங்கள். 35 வயதானவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. வருத்தம் இல்லாமலும் போகலாம்.

அளவுக் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போது என் நிறையை மாதாமாதம் எழுதுகிறேன். போன மாதம் 52. செல் துண்டு தொடையில் அப்படியே இருக்கிறது. அவரைப் பற்றிய யோசனையும் ஒரு நாளும் குறைந்ததில்லை.