புறாவில் தொடங்கிய வாதம்

சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று லண்டனில் வெளியானது. உயிரினங்கள் காலப்போக்கில் மாறிப் புதிய இனங்கள் உண்டாகின்றன என்பது அவர் வாதம். அன்று பெரும்பாலோர் ஏற்காத கருத்து. முன்னுரையிலேயே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் நிரூபிக்க இறங்கும்போது, முதல் அத்தியாயத்தில் என்ன வருகிறது தெரியுமா? வீட்டுப் புறா!

சாதாரணப் புறாவின் வாலில் 12 அல்லது 14 இறகுகள் இருக்கும். விசிறிவால் புறாவுக்கோ 30, சிலவற்றுக்கு 40கூட உண்டு. இப்படி வேறுபட்ட வீட்டுப் புறா வகைகள் எல்லாமே மாடப்புறாவின் வாரிசுகளே. மனிதர்கள் பிடித்தமானவற்றைப் பொறுக்கியெடுத்து இணைசேர்த்து உருவாக்கியவை என்கிறார் டார்வின். அவரே புறா வளர்த்தவர், புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தவர். வாசகருக்கும் இது பழகிய விஷயம், மறுக்க மாட்டார். அடுத்து, இரைக்கும் இடத்துக்கும் உயிர்கள் போட்டியிடுவதைக் காட்டுகிறார். நான்காவது அத்தியாயத்தில்தான், மனிதர் செய்த அதே தேர்வை இயற்கையும் செய்கிறது என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவது அத்தியாயம். தன் கருத்துக்கு வரக்கூடிய எதிர்ப்புகளை அவரே அதில் எழுப்புகிறார். கண் போன்ற நுட்பமான உறுப்பு சிறுசிறு மாற்றங்களால் எப்படி உருவாகும்? இந்தக் கேள்வியை மழுப்பாமல் முழு வலுவோடு வைக்கிறார். பிறகு, ஒளியை உணர மட்டுமே தெரிந்த எளிய கண்ணிலிருந்து படிப்படியாகச் சிக்கலான கண் வரை உயிருள்ள விலங்குகளில் காணலாம் என்று பதில் தருகிறார். இடைப்பட்ட உயிர்களின் புதைபடிவங்கள் போதவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு, அதற்கான காரணத்தைத் தனி அத்தியாயமாகவே எழுதுகிறார்.

நீங்களும் இதே வழியில் வாதாடலாம். பள்ளி வேப்பமரத்தை வெட்டக்கூடாது என்று நீங்கள் தலைமையாசிரியருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கோரிக்கையை முதல் வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு, மதிய இடைவேளையில் எல்லோரும் அதன் நிழலில்தான் சாப்பிடுகிறார்கள் என்று தொடங்குங்கள். அது அவரும் தினம் பார்ப்பது. வேர் மதில்சுவரை விரிசல்விட வைக்கிறதா? அதை மறைக்காதீர்கள். எந்த இடத்தில் விரிசல், எவ்வளவு நீளம் என்று அளந்து எழுதுங்கள். கொத்தனாரிடம் கேட்டு, சுவரைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். கடைசிப் பத்தியில், எந்தக் கிளையைக் கழிக்கலாம், உதிரும் இலையை எந்த வகுப்பு கூட்டும் என்பது வரை எழுதிவிடுங்கள்.